அன்னைக்கு கரண்ட் போகல

பாட்டு நல்லாருக்குன்னா சொல்றீங்க? இல்ல, தலையை ஆட்டிக்கிட்டு வர்றீங்களேன்னு கேட்டேன். ஆட்டுங்க, தப்பில்ல. டிரைவர்ல இருந்து கடைசி சீட்டு வரைக்கும் இந்த பஸ்ஸே ஆட்டிக்கிட்டுத்தான் வருது. நான் ஒருத்தன்தான் ஆட்டல. எனக்குக் கழுத்து வலியெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. எனக்கு இந்தப் பாட்டுக்காரியைத் தெரியும்.

சுருளியம்மாள். 'மண்ணின் குரல்' சுருளியம்மாள்னு போஸ்டர்ல போடுறானுக. மண்ணுன்னா என்னான்னு அந்த டிவிக்காரனுக்குத் தெரியுமா? செங்கச் சூளை மண்ணு அது. மிதிச்சுப் பிசைஞ்சா கால் வெரல் இடுக்கெல்லாம் புண்ணாப் போகும். அந்த மண்ணுல உருண்டு கெடந்த கழுதை இன்னைக்குக் கண்டாங்கி கட்டி, காதுல தண்டட்டி மாதிரி என்னமோ மாட்டிக்கிட்டு, வெளிநாட்டுல போய்ப் பாடுது. காது வளத்தா மாட்டியிருக்கா? கிளிப்பு. அமுக்கி மாட்டுறது. டிவியில பக்கத்துல காட்டுறப்பப் பாத்தேன்.

நீங்க எங்க இறங்கணும்? தேனியா. அப்ப நேரம் இருக்கு. நான் உசிலம்பட்டி தாண்டி ஓடைப்புதூர் விலக்குல இறங்கிருவேன். பேரு மொக்கராசு. சிரிக்காதீங்க, எங்க பக்கம் வீட்டுக்கு ஒரு மொக்கராசு இருப்பான். மொக்கராசு சவுண்ட் சர்வீஸ். கல்யாணம், காதுகுத்து, எழவு, எலெக்சன், எதுன்னாலும் நம்ம குழாய் ஸ்பீக்கர்தான். இப்பத்தான் பொட்டி பொட்டியா அடுக்கி, லேப்டாப்பு வச்சு, நெஞ்சு வலி வர்ற மாதிரி அடிக்கிறானுக. அதுக்குப் பேரு சவுண்டா? நம்ம குழாயைப் புளியமரத்துல கட்டுனா மூணு ஊருக்கு ஒரு எழுத்து மாறாமக் கேக்கும்.

விசயத்துக்கு வர்றேன்.

எங்க ஊர்ல தங்கமுடி முதலாளின்னு ஒருத்தர். சூளைக்காரர். தங்கமான மனுசன். கோயில் திருவிழாவுக்குப் பாதிச் செலவு அவர் கையில இருந்துதான் வரும். மைக்செட்டுன்னா என்னையத் தவிர வேற ஆளைக் கூப்பிட மாட்டாரு. அவரு சூளையில வேலை பாத்தவன்தான் இந்தச் சுருளி அப்பன், வீரணன். ஆத்தாக்காரி ஒச்சம்மா. வருசநாட்டுப் பக்கமிருந்து பொழைக்க வந்ததுக. சூளை ஓரத்துல தகரக் கொட்டகை. குனிஞ்சாத்தான் உள்ள போக முடியும், உள்ள போனாலும் நிமிர முடியாது. மழைன்னா அறுத்து வச்ச பச்சச் செங்கல்லுக்குத் தார்ப்பாய் போடுவாக. இதுக தலைக்கு மேல எதுவும் கெடையாது. அதை நான் குத்தமாச் சொல்லல. கல்லு நனைஞ்சா மொதலாளிக்கு நட்டம்ல?

இந்தப் புள்ள அப்ப சின்னது. பச்சக் கல்லைக் காயப்போட்டுப் பொரட்டிப் பொரட்டி வைக்கணும், அதான் அதுக்கு வேலை. தலைமயிரு செம்மண்ணா இருக்கும். ஒரே பாவாடை, அதையே துவைச்சு ஈரத்தோட கட்டிக்கிட்டு வரும். வாய் மட்டும் ஓயாது. கல்லு பொரட்டுறதுக்கு ஒரு பாட்டு, தண்ணி தூக்குறதுக்கு ஒரு பாட்டு. யாரு சொல்லிக் குடுத்தா? ஒருத்தரும் இல்ல. ஆத்தாக்காரி முனங்குறதைக் கேட்டு அதுவா நீட்டி இழுக்கும். அதைப் போய் டிவியில நடுவரா உக்காந்திருக்கவன் 'பிறவி ஞானம்'ங்குறான். அவன் கண்ணைத் தொடைக்கிறதைப் பாத்தா எனக்குச் சிரிப்புத்தான் வருது. பாட்டுன்னா படிச்சுப் பாடணும் தம்பி. இது கத்துறது.

மொதல் மொதல்ல அவ கையில மைக்கைக் குடுத்தது யாருன்னு நெனைக்கிறீங்க? நான்தான். இதை எந்தப் பேட்டியிலயாச்சும் சொல்லியிருக்காளா, கேட்டுப் பாருங்க. ஒரு பொங்கலுக்குச் சூளையில குழாய் கட்டுனேன். நான் மரத்து மேல இருக்கேன், கீழ மைக்குல பேசிப் பாக்க ஆளு வேணும். இது பக்கத்துல நின்னுச்சு. "ஏ புள்ள, மைக்கைப் பிடிச்சு அலோ அலோன்னு சொல்லு"ன்னேன். அது அலோன்னு சொல்லல. பாட ஆரம்பிச்சுருச்சு. ஊரே கேக்குது. கல்லு அறுக்குறவன் கையை நிறுத்திட்டு நிக்கிறான். நான் இறங்கி வந்து மண்டையில ஒரு குட்டு குட்டி மைக்கைப் பிடுங்குனேன். பின்ன? எச்சி பட்டா என்னத்துக்கு ஆகும், அந்தக் காலத்து மைக்கு. அழுகல. "மாமா, எம்புட்டு தூரம் கேட்டுருக்கும்?"னு கேட்டுச்சு. திமிரு அப்பவே இருந்துச்சுன்னு சொல்ல வர்றேன்.

அதுக்கப்புறம் ஒரு ஆயுத பூஜை. அன்னைக்கும் நான்தான் செட்டு. கம்பத்து மேல ஏறிக் குழாயைத் திருப்பிக்கிட்டு இருக்கேன். சாமி கும்புடப் போற நாளுல வேலை செய்யலாமான்னு கேப்பீங்க. அவசர லோடு. சூளையைப் பிரிச்சுக் கல்லு எடுத்துக்கிட்டு இருந்தாங்க. இன்னும் ஆறாத சூளை. மேல இருந்து பாத்தா எல்லாம் தெரியும். ஒரு பக்கம் அப்படியே சரிஞ்சுச்சு. வீரணன் கீழ நின்னான்.

பாட்டை நிறுத்துன்னாங்க. நிறுத்துனேன்.

அவனை இழுத்து வெளிய போட்டாங்க. உயிரு இல்ல. அப்புறம் மொதலாளி வீட்டுக் கணக்கப்பிள்ளை ஒரு பாட்டிலோட ஓடி வந்தான். போலீசு வர்றப்ப, குடிச்சிட்டுச் சூளைக்குள்ள போய் விழுந்துட்டான்னு சொன்னாங்க. டாக்டரும் வாடை அடிக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டாரு. முடிஞ்சு போச்சு. மொதலாளி நல்ல மனுசங்குறதால அடக்கச் செலவைப் பூரா ஏத்துக்கிட்டாரு. நானும் எழவு வீட்டுக்குச் செட்டு போட்டேன், வாடகை வாங்கல. அந்தக் கணக்கெல்லாம் யாரு பாக்குறா.

வீரணன் குடிப்பானான்னு கேட்டா, எனக்குத் தெரிஞ்சு அவன் வெத்தலைகூடப் போட மாட்டான். டீக்கடைக்கு வந்தாலும் சுடுதண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் போவான். அதை நான் எதுக்குப் போய்ச் சொல்லணும்? என்னைய யாரும் கேக்கல.

ஆத்தாளும் மகளும் அதே கொட்டகையில கெடந்துச்சுக. புள்ள வளந்துச்சு. எழவு வீடுகள்ல போய் ஒப்பாரி வைக்க ஆரம்பிச்சுச்சு. யாரு செத்தாலும், செத்தவன் பொண்டாட்டியை விட இது அழுகிற அழுகைக்குத்தான் கூட்டம் அழுகும். நான் குழாயைக் கட்டிட்டு ஓரமா உக்காந்து பீடி குடிப்பேன். எனக்கு ஒரு சொட்டுத் தண்ணி வராது. ஒப்பாரியில என்ன இருக்கு? எல்லாம் ஒரே இழுவைதான்.

இப்பத்தான் கதைக்கே வர்றோம். மாரியம்மன் திருவிழா. சாயங்காலம், லைட்டுப் போடுற நேரம். மேடை போட்டுச் சீரியல் லைட்டெல்லாம் மினுக்குது. வெளியூர்ல இருந்து வீரபாகுன்னு ஒரு ஆளு, கிராமியப் பாட்டுக் கோஷ்டி வச்சிருந்தவரு, அவரைக் கூப்பிட்டிருந்தோம். அவரு ஆளுக மேடைக்குப் பின்னாடி பவுடர் அடிச்சுக்கிட்டு இருக்காங்க. அதுவரைக்கும் உள்ளூர்ப் புள்ளைக ஆளுக்கொரு பாட்டு. அப்ப மொதலாளியே சொன்னாரு, "நம்ம சூளைப் புள்ளையும் பாடட்டும்யா"ன்னு. அம்புட்டுப் பெரிய மனசு. இதும் ஏறுச்சு. மொத அம்மன் பாட்டு. சரி, பரவாயில்ல. அது முடிஞ்சதும் இறங்க வேண்டியதுதான? இறங்கல. கண்ணை மூடிக்கிட்டு அப்பன் மேல ஒரு ஒப்பாரியை எடுத்துச்சு.

பச்சக் கல்லு அறுத்தெடுத்த
பத்து வெரலும் எங்கய்யா
அடுக்கி வச்ச சூளைக்குள்ள
அடங்கிப் போன எங்கய்யா
வெத்தலையும் போடாத ஒன்
வெள்ளை வாயில எங்கய்யா
செத்த பின்னே சாராயம்
சேத்து ஊத்துனது யாரய்யா

தம்பி, மொதலாளி முன் வரிசையில நாற்காலியில உக்காந்திருக்காரு. பக்கத்துல போலீஸ் ஐயா. ஊர்ப் பெரிய மனுசங்க. நாகரிகம்னு ஒண்ணு இருக்கா இல்லையா? சோறு போட்டவரைக் கூட்டத்துல வச்சு இப்படியா கேக்குறது? மொதலாளி திரும்பி என்னையப் பாத்தாரு. கையை இப்படி ஒரு அசை அசைச்சாரு. நான் வயரைப் பிடுங்கிட்டேன்.

குழாய் செத்துருச்சு. இந்தக் கழுதைக்கு அப்பவாச்சும் நிறுத்தணும்னு தோணணும்ல? மைக்கைக் கீழ வச்சுட்டு, மேடை ஓரத்துக்கு வந்து நின்னு, அடுத்த அடியை எடுத்துச்சு. வெறுந்தொண்டை. நான் அதுவரைக்கும் நெனைச்சிருந்தேன், நம்ம குழாய் இருந்தாத்தான் கூட்டம் கேக்கும்னு. மேடைக்குப் பின்னாடி இருந்த வீரபாகு எந்திரிச்சு வெளிய வந்துட்டாரு. ராட்டினம் சுத்துனவன் நிறுத்திட்டான். பின்னாடி நின்ன பொம்பளைக எல்லாம் ஒண்ணொண்ணா முன்னாடி நகந்து வந்து தரையில உக்காந்துட்டாளுக. கடைசி வரைக்கும் பாடிட்டுத்தான் இறங்குச்சு. யாரும் கை தட்டல. மொதலாளி எந்திரிச்சுப் போயிட்டாரு.

மறுநாள் விடிஞ்சதும் ஆத்தாளையும் மகளையும் சூளையை விட்டுப் போகச் சொல்லிட்டாங்க. பாத்திரத்தைத் தூக்கி வெளிய வச்சுட்டாங்க. ஆனா அந்த வீரபாகு இருந்தாரு பாருங்க, அவரு கோஷ்டி வேன்லயே ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டாரு. அவருதான் சொன்னாராம், "மைக்கு இல்லாம இப்படிப் பாடுற தொண்டையை நான் பாத்ததில்ல"ன்னு.

கவனிங்க தம்பி. மைக்கு இல்லாம. மைக்கு எப்படி இல்லாமப் போச்சு? நான் பிடுங்குனதால. நான் பிடுங்கலேன்னா அது இன்னொரு ஒப்பாரி, குழாயில கத்திட்டு இறங்கியிருக்கும். வீரபாகு பின்னாடி பவுடரை அடிச்சுக்கிட்டே இருந்திருப்பாரு. இதை நான் எங்க ஊர் டீக்கடையில சொன்னா ஒருத்தனும் ஒத்துக்க மாட்டேங்குறான். அறிவு வேணும்ல.

அங்க இருந்து ஏற ஆரம்பிச்சதுதான். ஊர் ஊரா வீரபாகு கூடப் பாடுச்சு. வேன்ல தூங்கி, பள்ளிக்கூடத் திண்ணையில சாப்பிட்டு, கொஞ்ச காலம் கஷ்டம்தான்னு சொல்றாங்க. யாருக்குத்தான் கஷ்டம் இல்ல? அப்புறம் அவளே தனியாக் கோஷ்டி வச்சா. டிவிப் போட்டி வந்துச்சு. அதுல ஜெயிச்சா. சினிமாவுல ஒரு பாட்டு, அது ஓடுச்சு, அப்புறம் வரிசையா ஓடுச்சு. இப்ப திருவிழாவுக்குக் கூப்பிட்டா தேதி கெடைக்கலங்குறாங்க. மதுரையில நாகமலைப் பக்கம் வீடு. செல்போனைத் திறந்தா இவ மூஞ்சி. இந்த ஜனங்க இருக்காங்களே, ஒருத்தன் நல்லாருக்குன்னா எல்லாரும் நல்லாருக்குன்னுவான்.

அதை விடுங்க. பேட்டி குடுக்குறால்ல, எல்லாப் பேட்டியிலயும் அந்தத் திருவிழாக் கதையைச் சொல்லுவா. எப்படிச் சொல்லுவா தெரியுமா? "நான் பாடிக்கிட்டு இருந்தப்ப கரண்ட் போயிருச்சு. மைக்கு இல்லாமலே பாடுனேன். அதுதான் என் வாழ்க்கையை மாத்துச்சு."

கரண்ட் போயிருச்சாம். டியூப் லைட்டு எரியுது. சீரியல் லைட்டு மினுக்குது. அம்மன் தலைக்கு மேல லைட்டுச் சக்கரம் சுத்துது. மைக்குக்கு மட்டும் தனியாக் கரண்ட் போகுமா? இம்புட்டுக்கூட அறிவில்லாததைத்தான் மேதைங்குறானுக.

எனக்குத் தாங்கல. போன மாசம் நானே அவ வீட்டுக்குப் போயிட்டேன். நேர்ல சொல்லிருவோம், அடுத்த பேட்டியிலயாச்சும் உள்ளதைச் சொல்லட்டும், நம்ம பேரும் நாலு பேருக்குத் தெரியட்டும்னுதான். காசு பணம் கேக்கப் போகல. அந்தப் புத்தி நமக்குக் கெடையாது.

வாட்ச்மேன்கிட்டப் பேரைச் சொன்னேன். நிக்க வைப்பான்னு பாத்தா, உடனே உள்ள விட்டுட்டான். இவ வாசலுக்கே வந்துட்டா. "வாங்க மாமா, உக்காருங்க"ன்னா. எல்லாம் நடிப்பு. வீட்டுல சாதாரணப் பருத்திச் சேலைதான், வெளிய போறப்பத்தான் அந்த வேசமெல்லாம். ஒச்சம்மா உள்ள கட்டில்ல உக்காந்திருந்துச்சு. கண்ணு சரியாத் தெரியல போல. "யாரு, மைக்செட்டுக்காரரா"ன்னு குரலை வச்சே கண்டுபிடிச்சுருச்சு.

நான் சுத்தி வளைக்கல. "ஏம்மா சுருளி, அன்னைக்கு கரண்ட் போகல. நான்தான் வயரைப் பிடுங்குனேன். மொதலாளி கை காட்டுனாரு, பிடுங்குனேன். நீ பாட்டுக்குத் தெரியாமப் பேசிக்கிட்டு இருக்க"ன்னேன்.

அவ அசரவே இல்ல. "தெரியும் மாமா. லைட்டு எரிஞ்சுச்சுல்ல"ன்னா.

"தெரிஞ்சுமா பொய் சொல்ற?"

அதுக்கு ஆத்தாக்காரிதான் பேசுச்சு. "நான்தாம்ப்பா அப்படிச் சொல்லச் சொன்னேன். வயரைப் பிடுங்குனாங்கன்னு சொன்னா, ஏன் பிடுங்குனாங்கன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா, சாட்சி எங்கன்னு கேப்பாங்க. எங்ககிட்ட யாரு இருக்கா? அவ இன்னும் பெரிய எடத்துக்குப் போகணும். கோர்ட்டுல நிக்க வைக்கவா பெத்தேன்?"

சரி, அது அவங்க பாடு. நான் டீயைக் குடிச்சுக்கிட்டு இருந்தேன். இந்தச் சுருளி எந்திரிச்சு வந்து எனக்கு எதுத்தாப்ல தரையில உக்காந்தா. அம்புட்டுப் பெரிய சோபா இருக்கு, தரையில உக்காருறா. என் மூஞ்சியையே பாத்தா.

"மாமா, எங்கய்யா செத்த அன்னைக்கு நீங்க கம்பத்து மேல இருந்தீங்க."

"ஆமா, குழாய் கட்டிக்கிட்டு இருந்தேன்."

"எங்கய்யா குடிச்சிருந்தாரா?"

பாருங்க, நான் எதுக்குப் போயிருக்கேன், அவ எதைக் கேக்குறா. எனக்குச் சுருக்குனு ஆயிருச்சு. "அதெல்லாம் எதுக்கும்மா இப்ப"ன்னேன்.

"வெளிய சொல்ல வேணாம். போலீசு, கோர்ட்டு எதுவும் வேணாம். எங்கம்மா காதுல ஒரு தடவை விழுகணும். ஊரே அவர் குடிகாரன்னு சொல்லி, அதுக்கே சில நேரம் சந்தேகம் வந்துருது. நீங்க மேல இருந்து பாத்தீங்க. இல்லைன்னு மட்டும் சொல்லுங்க மாமா."

ஒச்சம்மா கண்ணு தெரியாத மூஞ்சியை என் பக்கம் திருப்பி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு.

தம்பி, உங்களுக்கு நெலவரம் தெரியாது. மொதலாளி இப்ப உசுரோட இல்லேன்னாலும் அவரு மகன் இருக்காப்ல. கட்சியில இருக்காப்ல. விலக்குல மண்டபம் கட்டியிருக்காப்ல, ஏசி மண்டபம். அதுல செட்டு யாருது? நம்முளுது. நான் இங்க ஒண்ணு சொல்லி, இது நாளைக்கு மேடையில பாட்டாக் கட்டிப் பாடிட்டா? அந்த வாயை நம்ப முடியுமா? அதுக்குத்தான் அனுபவம் இருக்கே.

"நான் வயரைப் பாத்துக்கிட்டு இருந்தேம்மா. கீழ கவனிக்கல"ன்னேன்.

அவ என் டீ கிளாசை வாங்கி ஓரமா வச்சா. அப்புறம் எந்திரிச்சு, "சரி மாமா, சாப்பிட்டுப் போங்க"ன்னா. கோபம்லாம் படல. கறிக்கொழம்பு. அவளே பரிமாறுனா. ஆத்தாக்காரி மட்டும் எந்திரிச்சு, செவுத்தைப் பிடிச்சுப் பிடிச்சு உள் ரூமுக்குப் போயிருச்சு. நான் கெளம்புறப்பச் சொல்லிட்டுப் போலாம்னு, "வர்றேன் ஒச்சம்மா"ன்னு குரல் குடுத்தேன். பதில் இல்ல. மரியாதை அம்புட்டுத்தான். சூளைப் புத்தி எங்க போகும்?

நான் என்ன நெனைச்சேன், சரி, உள்ளதைச் சொல்லிட்டோம், இனிமே மாத்திச் சொல்லுவான்னு நெனைச்சேன். போன வாரம் ஒரு பெரிய சேனல்ல பேட்டி. பொண்டாட்டி புள்ளை, பக்கத்து வீட்டுக்காரன் எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சேன். "இன்னைக்கு என் பேரைச் சொல்லுவா, பாருங்க"ன்னேன். அதே திருவிழாக் கதை வந்துச்சு. அதே மாதிரி, "கரண்ட் போயிருச்சு"ன்னா.

பேட்டி எடுத்தவன் சும்மா இல்லாம, "அன்னைக்கு மைக்செட் போட்டவர் இப்ப இதைப் பாத்துக்கிட்டு இருக்கலாம். அவர் பேர் ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டான். நான் நாற்காலியில முன்னுக்கு நகந்து உக்காந்தேன்.

அவ கேமராவைப் பாத்தா. நேரா, என்னையவே பாக்குற மாதிரி. "இல்லைங்க. அவர் வயரைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. முகத்தை நான் பாக்கல"ன்னா.

பக்கத்து வீட்டுக்காரன் எந்திரிச்சுப் போயிட்டான். எம் பொண்டாட்டி டிவியை அணைச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

நீங்களே சொல்லுங்க. வாசல் வரைக்கும் வந்து வாங்க மாமான்னவ. கறிச்சோறு போட்டவ. நேர்ல போய், வாயைத் திறந்து எடுத்துச் சொல்லிட்டு வந்திருக்கேன். அதுக்கப்புறமும் முகத்தைப் பாக்கலையாம்.

விலக்கு வரப் போகுது, கொஞ்சம் காலை மடக்குங்க தம்பி, நான் எந்திரிக்கணும். நான் என்ன பெருசாக் கேட்டுட்டேன்? ஒரு வார்த்தை. கண்ணால பாத்ததை, நடந்தது நடந்தபடி, ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்றதுக்கு ஒரு மனுச சென்மத்துக்கு வாய் வராமப் போகுமா?